ஆறாவது மாட்டுத்தடுப்பு

எனக்குக் கோபம் வந்துவிட்டால் கணக்கு தப்பிவிடும். இருபத்திரண்டு வருடமாக இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது, ஏனென்றால் என் அலுவலகத்தில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. கெல்லம் மாவட்டத்தின் கிளார்க் நான். நிலப்பத்திரம், ஓட்டுப்பெட்டி, வரி, கல்யாண லைசென்ஸ், சாவுப் பதிவு எல்லாவற்றுக்கும் ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே ஆர்டித் ப்ளம்.

1990 ஏப்ரல், ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெண்மணி உள்ளே வந்தார். கழுத்தில் அட்டை, தோளில் தாள்கள் பிதுங்கும் பை. மக்கள்தொகைக் கணக்கு எடுக்க ஓமஹா நகரத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் அது பசுக்கள் கன்று போடும் மாதம், அதனால் அந்த வேலைக்கு உள்ளூரில் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. வந்தவர் பெயர் யோலண்டா பிக்கெட். என் வயதுதான், ஐம்பதைத் தொட்டிருக்கும். இருபத்தாறு வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதைப் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"ஊர் எல்லையில பலகை பாத்தேன். டார்ஸி, மக்கள்தொகை நூத்தி இருபத்தேழு. நெஜமாவா?"

"அது பத்து வருஷத்துக்கு முந்தின கணக்கு. அதைச் சரி பண்ணத்தானே வந்திருக்கீங்க."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. காலையில ஏழரை மணி பஸ்ல இதுல பாதி ஊரு ஏறும் எனக்கு. ரெண்டு ட்ரிப் அடிச்சா உங்க தலைநகரம் காலி!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மனதில் கள்ளம் இல்லாத சிரிப்புதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மாவட்டத் தலைநகர் என்று எங்களைச் சொல்வதில் என்ன கிண்டல்? எழுநூறு சதுர மைலுக்கு நாங்கள்தான் தலைநகர். கோர்ட்டு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, தீவனக்கடை இருக்கிறது, இரண்டு சர்ச் இருக்கின்றன. மாவட்டத்தில் வேறு ஊரே இல்லை என்பது உண்மை. அதைச் சுட்டிக்காட்ட ஓமஹாவிலிருந்து ஒருவர் வரவேண்டிய அவசியம் இல்லை.

"எமில் வாஸெக் வீட்டுக்கு எப்படிப் போறது? அதுதான் ரொம்பத் தூரமாமே, இன்னைக்கே முடிச்சிடலாம்னு பாக்கறேன்."

சுவரில் மாவட்ட வரைபடம் என் தலைக்குப் பின்னாலேயே இருந்தது. திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மூக்கின் நுனியில் கோபம்.

"தார் ரோட்டுல பன்னெண்டு மைல் மேற்க போங்க. வலது பக்கம் மணல் ரோடு இறங்கும். அதுல மாட்டுத்தடுப்பு வரும், குழி வெட்டி மேல இரும்புக் கம்பி போட்டிருப்பாங்க, வண்டி போகும், மாடு தாண்டாது. ஆறு தடுப்பு எண்ணிக்கோங்க. ஆறாவது தாண்டின உடனே இடது பக்கம் திரும்புற தடம். நேரா எமில் வீட்டு வாசல்தான். ஆறு வரைக்கும் எண்ணுவீங்கல்ல?"

"பஸ் ஸ்டாப் எண்ணியே வயசாயிடுச்சு எனக்கு" என்றார் யோலண்டா, கிளம்பிப் போனார்.

எங்கள் குன்றுகளைப் பற்றி ஒரு விஷயம். அவை மணல். மேலே புல் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, எல்லாம் ஒரே அச்சு. பெயர் வைக்கும் அளவுக்கு ஒன்றும் தனித்துத் தெரியாது. அதனால்தான் நாங்கள் தடுப்புகளை எண்ணி வழி சொல்கிறோம். நான் பிறந்ததிலிருந்து எமில் வீடு ஆறு தடுப்பு. என் அப்பாவுக்கும் ஆறுதான்.

பதினொன்றரைக்கு மழை வந்தது. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போது அது பனியாக மாறியிருந்தது, காற்றும் கிழக்கிலிருந்து வீச ஆரம்பித்துவிட்டது. ஒன்றே முக்காலுக்கு எமில் போன் செய்தார். எழுபத்தொரு வயது, தனிக்கட்டை, வருடத்துக்கு மூன்று முறை போன் செய்தால் அதிகம்.

"என்ன பொண்ணே, என்னை எண்ண ஆள் வருதுன்னு சொன்ன. பத்தரையிலேருந்து காப்பியைச் சுட வச்சிட்டு உக்காந்திருக்கேன். என்னை எண்ண வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்களா?"

"இன்னும் வரலையா? ஒம்பதே காலுக்குக் கிளம்பினாங்களே!"

"வந்திருந்தா உன்கிட்ட ஏன் கேக்கறேன்?"

அப்போதுதான் திரும்பி வரைபடத்தைப் பார்த்தேன். ஐந்தாவது தடுப்புக்கும் ஆறாவதுக்கும் நடுவில் ஒரு சிவப்பு ஊசி குத்தியிருந்தது. குத்தியது நான். போன அக்டோபரில் லிண்ட்க்விஸ்ட் அண்ணன் தம்பி இருவரும் சண்டை போட்டுக்கொண்டு மேய்ச்சல் நிலத்தைப் பிரித்தார்கள். நடுவே வேலி போட்டார்கள், வேலி ரோட்டைக் கடக்கும் இடத்தில் புதுத் தடுப்பு. அனுமதித் தாளில் கையெழுத்து ஆர்டித் ப்ளம். எமில் வீடு இப்போது ஏழு. ஆறாவது தாண்டி இடது பக்கம் திரும்பினால் கோடைக்கு மாடு ஓட்டும் தடம், நாலு மைல் போய் வெறும் மணலில் முடியும். அந்தப் பக்கம் ஒரு வீடு கிடையாது.

எமிலின் போனை வைத்தேன்.

எங்கள் ஊரில் தீயணைப்பு நம்பரைச் சுழற்றினால் ஏழு வீடுகளில் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். எடுக்கும் ஏழு பேரும் ஆளுக்குப் பத்து வீட்டுக்குச் சொல்வார்கள். நான் சுழற்றினேன். ஏழு பேர் மூச்சும் கேட்டது. ஷெரிஃப் வெர்ன் ஸ்லோகமும் அதில் ஒருவர், என்னோடு பள்ளியில் படித்தவர்.

"கணக்கெடுக்க வந்த அம்மா எமில் வீட்டுக்குப் போய்ச் சேரலை" என்றேன்.

"எந்தப் பக்கம் தேடுறது?" என்றார் வெர்ன். "தெக்க திரும்பியிருந்தா அது ஒரு முப்பது மைலு. இந்தப் பனியில எங்கேன்னு போறது ஆர்டித்?"

பொத்தாம்பொதுவாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆறு என்று சொன்னது எனக்கும் அந்த அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

"தெக்க இல்லை. லிண்ட்க்விஸ்ட் கோடைத் தடம். நான்தான் ஆறுன்னு வழி சொன்னேன்."

"அங்க இப்ப ஏழாச்சே!" என்றது யாரோ ஒரு பெண் குரல். "அந்தத் தாள்ல நீதானே கையெழுத்துப் போட்ட?"

"நான்தான். தப்பு என்னுதுதான்."



"சரி" என்றார் வெர்ன். "திட்டறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். சங்கை ஊதுங்க."

சங்கு ஊதி ஒரு மணி நேரத்தில், தார் ரோட்டை விட்டு மணல் ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் எத்தனை வண்டி, பின்னால் எத்தனை வண்டி என்று தெரியவில்லை, பனியில் முன்வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான். நான் தடுப்புகளை எண்ணிக்கொண்டே போனேன். தடதடவென்று ஒவ்வொன்றும் பல்லில் இடித்தது. ஆறாவது வந்தபோது கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது.

யோலண்டாவின் கார் இரண்டு மைல் உள்ளே கிடைத்தது, அச்சு வரை மணலில் புதைந்து. உள்ளே ஆள் இல்லை. எரிபொருள் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது, சூட்டுக்காக இன்ஜினை ஓட விட்டு அதுவும் தீர்ந்த பிறகு இறங்கி நடந்திருக்கிறார். காலடித் தடம் ஒன்றும் இல்லை, காற்று வழித்துவிட்டிருந்தது.

"அம்மா எந்தப் பக்கம் போயிருப்பாங்க?" என்று வெர்ன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு வழக்கம்போல வரிசை கட்டச் சொன்னார். காரை நடுவில் வைத்து, வடக்கே பாதி, தெற்கே பாதி. பக்கத்து ஆள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கவேண்டும். அவன் மறைந்தால் நில். வண்டி ஏறும் குன்றில் வண்டி, ஏறாத குன்றில் குதிரை, அதுவும் ஏறாவிட்டால் கால். மேற்கு நோக்கி மெதுவாக நகர்ந்தோம், அவர் தொலைந்து மேற்கேதான் இழுபட்டிருப்பார் என்று. காற்று முதுகைத் தள்ளும் பக்கம்தான் மனிதன் நடப்பான்.

நான் நடந்தேன். என் வலப்பக்கம் மூத்த லிண்ட்க்விஸ்ட், அவருக்கு அந்தப் பக்கம் இளையவர். அக்டோபரிலிருந்து வக்கீல் மூலமாக மட்டும் பேசிக்கொள்ளும் இருவர்.

"இங்க இல்லை!" என்று கத்தினார் மூத்தவர்.

"இங்கயும் இல்லைண்ணே!" என்றார் இளையவர்.

மூன்று மணி நேரம் இப்படிப் போனது. கால் மரத்தது. ஐந்து மணி, ஐந்தரை. அந்த அம்மா செத்துப் போயிருந்தால் சாவுப் பதிவில் நான்தான் எழுதவேண்டும், என் கையால், என் மேசையில். இதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆறு மணிக்கு ஒரு குன்றின் உச்சிக்கு ஏறும்போது காற்று திடீரென்று விழுந்தது. பனி நின்றது. மேற்கே மேகம் ஒரு கை அகலத்துக்குக் கிழிந்து வெயில் சாய்வாக உள்ளே வந்தது. அப்போதுதான் பார்த்தேன்.

வடக்கே குன்றுக்குக் குன்று ஆள். தெற்கே குன்றுக்குக் குன்று ஆள். வண்டி விளக்குகள், குதிரைகள், நடப்பவர்கள், வரிசை அறாமல் இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இருந்தவர்கள் கடுகளவு. பக்கத்தில் இருந்தவர்களை எனக்கு நடையிலேயே தெரிந்தது. அதோ நான் பிறப்புப் பதிவு எழுதியவன். அதோ போன வருடம் என் மேசையில் விவாகரத்துத் தாளை நீட்டியவள், அவளுக்கு அடுத்தாற்போல அவள் முன்னாள் புருஷன். பாதிரியார், பள்ளிக்கூடச் சமையல்காரி, வாத்தியார். மாடு கன்று போட்டுக்கொண்டிருக்கும்போது கொட்டகையை அப்படியே விட்டு வந்தவர்கள். இருபத்திரண்டு வருடமாக இவர்கள் எல்லோரையும் பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறேன். மொத்தமாகக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர்களுக்குப் பின்னால் குன்றுகள். வெயில் பட்டு வெள்ளையாக, வானம் முடியும் வரைக்கும். எங்கள் அத்தனை பேரையும் வண்டி குதிரையோடு ஒரே ஒரு பள்ளத்தில் போட்டு மூடிவிடலாம், அடுத்த குன்றுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இவ்வளவு பெரிய இடத்தில் இவ்வளவு கொஞ்சம் பேர் குடியிருக்கிறோமே என்று எனக்கு உடம்பு நடுங்கியது. அந்தக் கொஞ்சம் பேரில் கூப்பிட்டு வராதவர் யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படவில்லை. வடக்குக் கோடியில் குதிரைமேல் இருந்த குள்ள உருவம் எமில் வாஸெக். அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் பலகையிலுள்ள எண்ணை நானே உள்ளுக்குள் சின்னதென்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். பஸ் ஜோக் சுட்டது அதனால்தான்.

அழுது முடித்ததும் தலை தெளிந்தது. கோபம் இல்லாதபோது எனக்கு எண்ண வரும்.

தேர்தல் நாளில் ஓட்டுச்சீட்டு எண்ணும்போது கணக்கு தப்பினால் என்ன செய்வேன்? முன்னால் ஓடமாட்டேன். நிச்சயமாகத் தெரிந்த கடைசிக் கட்டுக்குத் திரும்பிப் போவேன். இந்த அம்மா இருபத்தாறு வருடம் ஸ்டாப் எண்ணியவர். காற்று தள்ளும் பக்கம் நடக்கிற ஆள் இல்லை. அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த கடைசி எண் ஆறு.

"வெர்ன்!" என்று கத்தினேன். "ஆறாவது தடுப்புக்குப் போறேன்!"

"எல்லாரும் அதுமேலதான் வந்தோம் ஆர்டித். இருந்தா பாத்திருக்க மாட்டமா?"

"அதுமேல வந்தோம். கீழ யாரு பாத்தா?"

என் வண்டி யோலண்டாவின் கார் பக்கம் நின்றது. அங்கே நடந்து, இரண்டு மைல் ஓட்டி, தடுப்புக்குப் பத்தடி முன்னால் நிறுத்தி இறங்கினேன். பழைய தடுப்புகளின் குழிகள் மணல் தூர்ந்து முழங்கால் ஆழம்கூட இருக்காது. இது ஆறு மாதம் முன்பு வெட்டியது. இடுப்பளவு ஆழம், சுற்றிலும் காங்கிரீட்.

"நாப்பத்தாறு" என்றது கம்பிக்குக் கீழே ஒரு குரல், ரொம்ப மெலிசாக. "நாப்பத்தாறு வண்டி என் தலைமேல போச்சு. இதாவது நிக்குதா?"

மண்டியிட்டு ஓரத்து இடுக்கு வழியாகப் பார்த்தேன். சேறும் பனியுமாகச் சுவரோடு ஒட்டிக் குறுகிக் கிடந்தார். கோட்டு இரண்டு மடங்கு ஊதியிருந்தது. வெற்றுப் படிவங்களைக் கசக்கிக் கசக்கி உள்ளே திணித்து வைத்திருந்தார், குளிருக்கு. பக்கத்து மாவட்டத்தில் ஏற்கெனவே நிரப்பி வாங்கிய படிவங்கள் மட்டும் ஒரு மடிப்புகூட இல்லாமல் பிளாஸ்டிக் பையில், நெஞ்சோடு அணைத்தபடி.

"காத்துக்கு ஒதுங்க ஓரத்து இடுக்கு வழியா உள்ள இறங்கினேன். கணுக்கால் பிசகிடுச்சு, ஏற முடியலை. கத்தினேன். ஒருத்தருக்கும் கேக்கலை."

வண்டி ஹாரனை மூன்று தரம் அழுத்தினேன். தூரத்தில் ஒரு ஹாரன் பதில் சொன்னது, அதற்கப்பால் இன்னொன்று, அப்படியே குன்று குன்றாகப் போனது. பிறகு இடுக்கில் கையை விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ்.

அவர் அழ ஆரம்பித்தார். "எண்ணினேன்மா. ஒவ்வொண்ணா விரல் மடக்கி எண்ணினேன். ஆறுதான் வந்துச்சு. அப்புறம் எப்படித் தப்பாச்சு? இருபத்தாறு வருஷத்துல ஒரு ஸ்டாப் விட்டதில்லை நான். எங்க அம்மாவுக்கும் மறதி நோய் இப்படித்தான் ஆரம்பிச்சுது, முதல்ல எண்ணுறதுதான் போச்சு. செத்துப்போவேன்னுகூட பயமில்லை. எனக்கு ஆறு எண்ண வரலையேன்னுதான் இங்க கெடந்து அழுதேன்."

ஏழு பேரிடம் போனில் சொல்வது சுலபமாக இருந்தது. இது சுலபமாக இல்லை.

"நீங்க சரியாத்தான் எண்ணினீங்க யோலண்டா. இது ஆறாவதுதான். எமில் வீடு ஏழு. தப்பா சொன்னது நான். உங்கமேல கோபம், திரும்பி வரைபடத்தைப் பாக்காம சொல்லிட்டேன்."

 என் கையை உதறுவார் என்று காத்திருந்தேன்.

"ஏழா?"

"ஏழு."

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லை?"

"ஒண்ணுமில்லை."

"அடிப்பாவி!" என்றார் யோலண்டா. அவர் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. "மேல ஏறி வந்ததும் உன்னை அறையறேன் பாரு." ஆனால் கையை விடவில்லை.

வண்டிகள் வந்து சேர்ந்தன. லிண்ட்க்விஸ்ட் அண்ணன் ஒரு தோள், தம்பி ஒரு தோள் கொடுத்துத் தூக்கினார்கள். ஊர் திரும்பியதும் கோர்ட்டுக் கூடத்தில் பள்ளிக்கூடச் சமையல்காரி அண்டா நிறையச் சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்பு காய்ச்சினாள், பக்கத்தில் எப்போதும்போல இலவங்கப்பட்டை ரொட்டி. போர்வைக்குள்ளிருந்து யோலண்டா கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நடைபாதையிலும் படியிலும் ஆட்கள் நின்று சாப்பிட்டார்கள்.

"இவ்வளவு பேரும் எனக்காகவா வந்தாங்க?" என்று கேட்டார்.

"நாங்க இவ்வளவு பேருதான்" என்றார் வெர்ன், வாயில் ரொட்டியோடு.

ஐந்தாம் நாள் காலை, கணுக்காலில் கட்டோடு, அவர் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எமில் வீடு பாக்கி இருந்தது. பனி உருகி ரோடு ஈரமாக இருந்தது. தடுப்புகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டு போனோம். ஆறாவதன்மேல் வண்டி தடதடத்தபோது இருவருமே வாயைத் திறக்கவில்லை. ஏழு தாண்டி இடது.

எமில் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு வாசலில் நின்றார். "காப்பி புதுசா போட்டிருக்கேன். போன வாரத்துது இல்லை" என்றார்.

வீட்டுக்காரர் சொல்வதை வேறு யாரும் கேட்கக்கூடாதென்று யோலண்டாவின் சட்டம். என்னை வெளியே நிற்க வைத்துவிட்டார். நின்றேன். எல்லாப் பக்கமும் குன்றுகள், ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு புகைபோக்கி. கதவு சரியாகச் சாத்தவில்லை.

"இந்த வீட்டுல மொத்தம் எத்தனை பேருங்க?"

"ஒருத்தன்தாம்மா. நான் மட்டும்தான்."

கால் மணி, அரை மணி ஆயிற்று. முக்கால் மணி நேரம் கழித்து யோலண்டா படிவத்தைப் பிளாஸ்டிக் பையில் வைத்தபடி நொண்டிக்கொண்டு வந்தார்.

"ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரமா?" என்றேன்.

"ஒரு முழு ஆளாச்சேம்மா" என்றார் அவர். "நிதானமாத்தான் எழுதணும்."

திரும்பி வரும்போது தடுப்புகளை அவரே எண்ணினார்.